மேற்பூச்சு போதாது: போலீசும் சபையும் ஒரே வட்டத்தில் உட்காரும் முன்

கேள்வி: டெக்சஸில் ஒரு புறநகர்த் தமிழ்ச் சபையின் செயலாளர் நான். கறுப்பின பாப்டிஸ்ட் சபை ஒன்றின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மாலை ஆராதனை நடத்துகிறோம். இரண்டு மாதத்துக்கு முன் அந்தச் சபைக் கொயரில் பாடும் 17 வயதுப் பையனின் காரைப் போலீஸ் நிறுத்தி, விலங்கு மாட்டி, முக்கால் மணி நேரம் ரோட்டோரம் உட்கார வைத்து, பிறகு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே கொதிப்பு அடங்கவில்லை. போலீஸ் சீஃப் விசுவாசி. ‘ஒற்றுமை ஞாயிறு’ ஒன்று நடத்தலாம், தமிழ்ச் சபையும் மேடையில் இருக்கட்டும் என்கிறார். எங்கள் மூப்பர்களில் பாதிப்பேர் ‘நமக்கேன் வம்பு’ என்கிறார்கள். நாங்கள் இறங்கலாமா? இறங்கினால் எப்படி நடத்துவது? எந்த வசனத்தை வைத்துப் பேசுவது? எங்கள் சபை அம்மா ஒருவரின் மகன் அதே துறையில் ரோந்து ஆபீசர். அவரை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரர் அவர்களுக்கு,

முதலில் காலண்டரைப் பாருங்கள். டெக்சஸ் சட்டப்படி, ஆபீசர் உடம்பில் மாட்டியிருக்கும் கேமராவின் பதிவைத் துறை குறைந்தது 90 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு நாள் என்பது அந்தந்தத் துறையின் விதி. சம்பவம் நடந்து இரண்டு மாதம் என்கிறீர்கள். மிச்சம் இருப்பது ஒரு மாதமோ அதற்கும் குறைவோதான். பதிவை அழிக்காமல் வைக்கும்படி பையனின் பெற்றோர் இந்த வாரமே எழுத்தில் கேட்கட்டும். வழக்கறிஞர் மூலம் கேட்டால் இன்னும் நல்லது. தேதி, நேரம், இடம், தெரிந்தால் ஆபீசரின் பேட்ஜ் எண், இந்த நான்கும் அதில் இருக்கட்டும். டெக்சஸில் ஒரு போலீஸ்காரர் மேல் புகார் எடுபட வேண்டுமானால் அது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கொயர் பிராக்டிஸில் பேசியதும் ஃபேஸ்புக்கில் எழுதியதும் கணக்கில் வராது. சமாதானம் பேசப் போகிறவர்கள் ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாமே’ என்று சொல்லி இந்த நாட்களைக் கடத்திவிட்டால், பிறகு எந்த விருந்தும் அதை ஈடு செய்யாது.

இனி ஒற்றுமை ஞாயிறு. இப்போதைக்கு வேண்டாம். சீஃபிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் வேண்டாம். ‘ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்வோம், அதற்கு முன் வேறொன்று செய்யலாமா’ என்று கேளுங்கள். காரணம் எரேமியா 6:14-இல் இருக்கிறது. ‘சமாதானமில்லாதிருந்தும், சமாதானம் சமாதானம் என்று சொல்லி’ ஜனத்தின் காயங்களை ‘மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்’ என்று தீர்க்கதரிசி யாரைக் குற்றம் சாட்டுகிறார்? தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும்தான். இரண்டு கொயர்கள் சேர்ந்து பாடும், சீஃப் யூனிபாரத்தில் சாட்சி சொல்வார், பாஸ்டர்கள் கைகோத்து நிற்பார்கள், சாயந்தரத்துக்குள் படம் துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறிவிடும். திங்கட்கிழமை அதே சிக்னலில் அதே பையனின் காரை மறுபடி நிறுத்தினால் அந்தப் படம் யாருக்கு உதவும்? உள்ளே சீழ் இருக்கும்போது மேலே களிம்பு தடவினால் புண் ஆறாது, மூடிக்கொள்ளும்.

‘நமக்கேன் வம்பு’ என்கிற மூப்பர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலம் மாடிசனில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர் காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். ‘ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவர் நடமாடுகிறார்’ என்று யாரோ போலீசுக்கு போன் செய்தார். ஆங்கிலம் தெரியாத அவரை ஆபீசர் தரையில் வீழ்த்தியதில் முதுகுத்தண்டு பாதித்து உடம்பின் ஒரு பகுதி செயலிழந்தது. ஊரிலிருந்து வரும் நம் அப்பா அம்மாக்களும் காலையில் வாக்கிங் போகிறவர்கள்தானே. ஆனால் இதை மூப்பர் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாப்டிஸ்ட் சபையில் போய் ‘எங்களுக்கும் நடந்திருக்கிறது’ என்று ஆரம்பித்தால், துக்க வீட்டில் தன் வீட்டுச் சாவைப் பேசுகிறவர் மாதிரி ஆகிவிடும்.

ஆகவே இறங்கலாம். சீஃப்தான் அழைத்தார் என்றாலும் முதல் பேச்சு அந்தச் சபைப் பாஸ்டரோடு. அவரிடம் மூன்று கேள்வி: பையனின் குடும்பம் இப்படி ஒரு முயற்சியை விரும்புகிறதா? வழக்கறிஞர் வைத்திருக்கிறார்களா? அவர் சபையில் யாரை இதற்குக் கூப்பிடவே கூடாது? மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. போலீஸ் சுட்டு மகனை இழந்த தாய் ஒருவர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அவரை ‘சாட்சி சொல்லுங்கள்’ என்று கூப்பிடுவது கொடுமை.

நடத்த வேண்டியது ஒரு சிறிய மூடிய வட்டம். இரண்டு வாரத்துக்கு ஒரு மாலை வீதம் ஆறு மாலை. ஆட்கள் 14, மிஞ்சினால் 16. அதற்கு மேல் போனால் ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது, வாய்ப்பேச்சுக்காரர்கள் இரண்டு பேரே முடித்துவிடுவார்கள். போலீஸ் நால்வர், பாப்டிஸ்ட் சபையும் அக்கம்பக்கமும் சேர்ந்து ஆறு பேர், உங்கள் சபையில் இருவர், நடத்துகிறவர்கள் இருவர். அந்த ஆறு பேரில் மூவராவது 25 வயதுக்குக் கீழ் இருக்கட்டும். சாலையில் நிறுத்தப்படுவது இளைஞர்கள், கூட்டத்துக்கு வருவது ஓய்வுபெற்ற டீக்கன்கள் (சபை உதவிக்காரர்கள்) என்றால், போலீஸ் நால்வரும் ‘பிரச்சினை அவ்வளவு மோசமில்லை’ என்று நம்பிப் போய்விடுவார்கள்.

போலீஸ் பக்கத்தில் பொதுமக்கள் தொடர்பு ஆபீசரை மட்டும் அனுப்பிவைப்பார்கள். சிரித்துப் பேசுவதே அவர் வேலை, அவர் ஒருவர் இருக்கலாம். மற்ற மூவரில் இருவர் அந்த ஏரியாவில் ரோந்து போகிறவர்கள், ஒருவர் சார்ஜென்ட் என்று கேட்டு வாங்குங்கள். ஆறு மாலையும் அதே நால்வர்தான் வர வேண்டும். சீஃப் உட்காரக் கூடாது. அவர் இருந்தால் கீழே இருப்பவர்களுக்கு வாய்ப்பூட்டு. அவர் ஆறாவது மாலைக்கு மட்டும் வரட்டும். பையனை நிறுத்திய ஆபீசரை இந்தச் சுற்றில் கூப்பிடாதீர்கள்.

சீஃபிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்க வேண்டியவை சில. இந்த மணி நேரம் பயிற்சி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். சொந்த நேரம் என்றால் மூன்றாவது மாலைக்கு ஆள் வராது, வெறும் டியூட்டி நேரம் என்றால் ரேடியோ கூப்பிட்டதும் பாதியில் எழுந்து போவார்கள். உடை சாதாரண உடை. கேமரா, ரெக்கார்டிங், செல்போன் படம் எதுவும் கிடையாது. துப்பாக்கி விஷயத்தில் துறையின் விதி என்னவோ அதைக் கேட்டு, எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘ஆயுதம் இருக்காது’ என்று நம்பி உட்கார்ந்த இளைஞர், ஆபீசர் தட்டை எடுக்கக் குனியும்போது சட்டைக்குள் புடைப்பைப் பார்த்துவிட்டால் அதோடு அந்த மாலை முடிந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள். வார நடுவில் ஒரு மாலை பொதுவாக ஒத்துவரும்.

நடத்துகிற இருவரும் பாஸ்டர்களாக இருக்க வேண்டாம். போதகர்மார் கோபிக்கக் கூடாது. மௌனம் நீண்டால் பிரசங்கத்தால் நிரப்புவது அவர்களுக்குப் பழகிப்போன வேலை. சொந்தச் சபையார் அவர் எதிரில் உள்ளதைச் சொல்லவும் மாட்டார்கள். டெக்சஸின் பல கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தகராறு தீர்வு மையங்கள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் இருவரை, ஒருவராவது கறுப்பினத்தவராக, அங்கே கேளுங்கள்.

ஒரு சட்டக் கண்ணி உண்டு. பாவ அறிக்கையாகப் போதகரிடம் தனியே சொல்வதற்கு இருக்கும் பாதுகாப்பு, பதினான்கு பேர் வட்டத்தில் சொல்வதற்குக் கிடையாது. அங்கே பேசியதை நாளைக்குக் கோர்ட்டில் கேட்கலாம். ஆகவே முதல் விதி: நிலுவையில் இருக்கும் எந்தப் புகாரையும் வழக்கையும், அந்தப் பையன் விஷயம் உட்பட, வட்டத்தில் பேசுவதில்லை. ‘இங்கே எல்லாமே ரகசியம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘பெயர் சொல்லி வெளியே பேசமாட்டோம், ஆனால் குற்றமோ குழந்தைக்கு ஆபத்தோ தெரியவந்தால் ஆபீசர் சும்மா இருக்க முடியாது’ என்று உள்ளபடி சொல்லுங்கள்.

முதல் அரை மணி நேரம் சாப்பாடு, அடுத்த ஒன்றரை மணி நேரம் பேச்சு. சாப்பாடு உங்கள் சபையின் பொறுப்பாக இருக்கட்டும், அன்பின் விருந்து நமக்குப் பழக்கம்தானே. ஆனால் நம் கை தானாகச் செய்யும் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். போலீஸ்காரரைக் கண்டால் நாற்காலியைத் துடைத்துப் போடுவோம், முதல் தட்டை அவருக்கு நீட்டுவோம், பொன்னாடைக்கும் யாராவது ஏற்பாடு செய்வார்கள். வாசலில் நிற்கும் 19 வயதுப் பையன் இதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த வீட்டில் யார் பெரியவர் என்று அவனுக்கு அப்போதே புரிந்துவிடும். எல்லோரும் ஒரே வரிசையில் நின்று தாங்களே எடுத்துக்கொள்ளட்டும். பெயர் அட்டையில் பெயர் மட்டும், பதவி வேண்டாம். காரத்தைக் குறையுங்கள்.

ஒவ்வொரு மாலைக்கும் ஒரு கேள்விதான். முதல் மாலை: ‘உங்களுக்கு நினைவிருக்கும் முதல் போலீஸ்காரர் யார்?’ ஆபீசர்களும் ஒரு காலத்தில் பிள்ளைகள்தான், அவர்களுக்கும் பதில் இருக்கும். இரண்டாவது: ‘கார் நின்ற முதல் ஒரு நிமிடத்தில் உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது?’ ஒரு பக்கம், ஸ்டியரிங்கில் வைத்த கை நடுங்குவதையும், பேப்பரை எடுக்க டாஷ்போர்டைத் திறக்கலாமா என்று தயங்குவதையும் சொல்வார்கள். இன்னொரு பக்கம், இருட்டில் கண்ணாடிக்குப் பின்னால் கை தெரியாத காரை நோக்கி நடப்பதைச் சொல்வார்கள். மூன்றாவது மாலை ஊரின் வரலாறு. இனப் பிரிவினைச் சட்டக் காலத்தில் இந்த ஊரில் போலீஸ் என்ன செய்தது என்று நினைவுள்ள முதியவர் ஒருவரை விருந்தினராக அழையுங்கள்.

நான்காவது மாலைதான் உங்களவர்களுக்கு நன்றாகக் கைகொடுக்கும். தமிழ்ச் சபையில் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஐடி ஆட்களுக்கா பஞ்சம்! டெக்சஸில் ஒவ்வொரு போலீஸ் துறையும் முந்தைய ஆண்டில் நிறுத்திய வாகனங்களைப் பற்றிய இனவாரி அறிக்கையை மார்ச் 1-க்குள் காவல் பணிக்கான மாநில ஆணையத்துக்கும் தன் நகர மன்றத்துக்கும் கொடுக்க வேண்டும். 2015-இல், லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்ட சாண்ட்ரா பிளாண்ட் மூன்று நாள் கழித்து வாலர் கவுண்டி சிறையில் இறந்துகிடந்தார். 2017-இல் அவர் பெயரில் வந்த சட்டம் இந்த அறிக்கையை இன்னும் விரிவாக்கியது. எத்தனை நிறுத்தம், எத்தனை சோதனை, சோதனையில் ஏதாவது கிடைத்ததா, உடல் காயம் ஏற்படும் அளவு பலம் பயன்படுத்தினார்களா என்றெல்லாம் அதில் இருக்கும். அது பொது ஆவணம், கேட்டு வாங்குங்கள்.

படிக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. ‘ஊரில் கறுப்பினத்தவர் இத்தனை சதவீதம், நிறுத்தப்பட்டவர்களில் இத்தனை சதவீதம்’ என்று ஒப்பிடுவார்கள். ஹைவே ஓடும் ஊரில் வெளியூர்க் கார்களே அதிகம் என்று சார்ஜென்ட் ஒரே வரியில் அதை உடைத்துவிடுவார். நீங்கள் சோதனைக் கட்டத்தைப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு: வெள்ளையரின் 100 கார்களைச் சோதித்து 30-இல் ஏதோ கிடைத்தது, கறுப்பினத்தவரின் 300 கார்களைச் சோதித்து 60-இல் கிடைத்தது. அங்கே 30 சதவீதம், இங்கே 20. அப்படியென்றால் கறுப்பினத்தவர் காரைத் திறக்க இன்னும் குறைந்த சந்தேகமே போதுமானதாக இருந்திருக்கிறது என்று கேட்க இடமுண்டு. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். காகிதத்தை நடுவில் வைத்து ஆபீசர்களையே முதலில் விளக்கம் சொல்லச் சொல்லுங்கள்.

ஐந்தாவது மாலை, கோரிக்கைகள். மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘எங்களை மதியுங்கள்’ என்பதை யாராலும் அளக்க முடியாது. காரை நிறுத்திய ஆபீசர் முதல் வாக்கியத்திலேயே காரணத்தைச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் சம்மதித்துச் செய்யும் சோதனைக்கு அந்தச் சம்மதம் கேமராவில் பதிவாக வேண்டும். புகார்ப் படிவம் ஸ்டேஷன் கவுன்டரிலும் சபை அலுவலகத்திலும் கிடைக்க வேண்டும். இப்படி இருந்தால் 90 நாள் கழித்து ஆம், இல்லை என்று பார்க்கலாம். ஆறாவது மாலை சீஃப் வந்து ஒவ்வொன்றுக்கும் சரி, முடியாது, இந்தத் தேதிக்குள் என்று பதில் சொல்லட்டும். குறிப்பெடுப்பது உங்கள் வேலை. சீஃப் மாறிப்போனால் அடுத்தவரிடம் கொண்டுபோக அந்த ஒரு தாள்தான் மிஞ்சும்.

வசனத்துக்கு வருகிறேன். போலீஸ் என்றதும், அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ எடுப்பார்கள். அதை மட்டும் படித்தால் பாதி அறை எழுந்து போய்விடும். அப்போஸ்தலர் 16-ஐ முழுக்க வாசியுங்கள். பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டு, மறுநாள் ரகசியமாகப் போகச் சொன்னபோது பவுல் மறுத்தார். ‘அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்’ என்றார், அதிகாரிகள் வந்து தயவாய்ப் பேசினார்கள். புகார் கொடுப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்பவர்களுக்கு இது போதும். அதே அப்போஸ்தலர் 16-இல் சிறைச்சாலைக்காரன் அந்த ராத்திரியிலேயே அவர்களின் காயங்களைக் கழுவுகிறான். வட்டத்தில் இருக்கும் ஆபீசர்களுக்கும் அங்கே ஒரு இடம் இருக்கிறது. சேவகர்கள் ‘நாங்கள் என்ன செய்யவேண்டும்’ என்று கேட்டபோது யோவான்ஸ்நானன் வேலையை விடச் சொல்லவில்லை. ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் இருக்கச் சொன்னார் (லூக்கா 3:14).

மன்னிப்பைப் பற்றி மட்டும் கறாராக இருங்கள். 2018 செப்டம்பரில் டாலஸில், டியூட்டி முடிந்து வந்த பெண் ஆபீசர் ஒருவர் தன் வீடென்று நினைத்து வேறொரு அபார்ட்மென்டுக்குள் போய், அங்கே இருந்த போத்தம் ஜீனைச் சுட்டுக் கொன்றார். சபையில் பாட்டு நடத்தும் இளைஞர் அவர். 2019 அக்டோபரில் பத்தாண்டுத் தண்டனை அறிவித்த பிறகு, போத்தமின் 18 வயதுத் தம்பி கோர்ட்டிலேயே அந்தப் பெண்ணை மன்னித்துக் கட்டியணைத்தார். அந்த வீடியோவைப் பார்க்காத சபை இல்லை. அதே நாளில் தாயார் அலிசன் ஜீன், டாலஸ் தன் உள்ளே சுத்தம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்று பேசியதை எத்தனை சபைகளில் சொன்னார்கள்? தம்பியின் அணைப்பை மற்றவர்களிடம் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை. வட்டத்தில் ஒருவர் அழும்போது ‘ஜெபிப்போம்’ என்று எழுவதும் அவர் வாயை மூடுவதுதான். ஆரம்பத்தில் ஒரு சிறு ஜெபம், முடிவில் ஒன்று, நடுவில் வேண்டாம்.

போலீஸ் தரப்பிலிருந்து மன்னிப்பு வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அலபாமாவின் மான்ட்கோமரி நகரைச் சொல்லலாம். 1961 மே மாதம் அங்கே பஸ் நிலையத்தில் பஸ் பயணத்தில் இனப் பிரிவினையை எதிர்த்துச் சேர்ந்து பயணம் செய்த ‘ஃப்ரீடம் ரைடர்ஸ்’ குழுவினரைக் கும்பல் அடித்தபோது நகரப் போலீஸ் காக்க வரவில்லை. அடிபட்டவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். மறுநாள் இரவு ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் ஆலயத்தில் கூடியிருந்தவர்களைக் கும்பல் முற்றுகையிட்டது. 2013 மார்ச்சில் அதே ஆலயத்தில், அப்போதைய சீஃப் கெவின் மர்ஃபி, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்ட லூயிஸிடம் துறையின் பெயரால் மன்னிப்புக் கேட்டு, தன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தார். 1961-இல் மர்ஃபி பிறந்திருக்கவே இல்லை. ‘நான் அப்போது இல்லையே’ என்று உங்கள் ஆபீசர்கள் சொல்லும்போது இது உதவும். என்ன நடந்தது, யார் செய்யத் தவறினார்கள் என்று அவர் பெயரிட்டுச் சொன்னார். ‘யாராவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கும் மன்னிப்பை ஏற்க வேண்டாம்.

இது எத்தனை நாள் பிடிக்கும் என்று மூப்பர்கள் கேட்டால் பாஸ்டனைக் காட்டுங்கள். 1992-இல் மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் ஆலயத்தில் இறுதிச் சடங்கின் நடுவே ஒரு இளைஞரைக் கும்பல் கத்தியால் குத்தியது. அதன் பிறகுதான் ஜெஃப்ரி பிரவுன், யூஜின் ரிவர்ஸ், ரே ஹாமண்ட் போன்ற போதகர்கள் இளைஞர் வன்முறையைத் தடுக்க டென்பாயின்ட் என்ற கூட்டணியைத் தொடங்கி, இரவில் தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள். போலீசோடு சேர்ந்து வேலை செய்தார்கள், போலீஸ் தவறியபோது வெளிப்படையாகக் கண்டித்தார்கள். இரண்டையும் விடவில்லை. 1990-இல் 152 ஆக இருந்த அந்நகரின் கொலைகள் 1999-இல் 31 ஆயின. சபைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, போலீசின் முறைகளும் அந்த ஆண்டுகளில் மாறின. ஆனால் போதகர்கள் ஒரு ஞாயிறோடு வீட்டுக்குப் போகவில்லை.

கடைசியாக, ரோந்து ஆபீசராக இருக்கும் அந்தத் தம்பி. அவர் அம்மா மூலமாகவோ சபை அறிவிப்பிலோ கேட்காதீர்கள். நீங்கள் ஒருவர் மட்டும் தனியாகப் பேசி, மாட்டேன் என்று சொல்ல முழு இடம் கொடுங்கள். சபை முகம், துறை முகம் இரண்டையும் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி அவருக்கு. சம்மதித்தால் போலீஸ் நால்வரில் ஒருவராக எண்ணுங்கள், தமிழ்ச் சபையின் இருவரில் வைக்காதீர்கள். ‘பாருங்கள், எங்கள் பையன்’ என்று அறிமுகம் செய்யவும் வேண்டாம். அவர் வரும் மாலைகளில் அம்மாவைச் சமையல் குழுவில் போடாதீர்கள். மகன் பேசும்போது கதவோரம் சாம்பார் வாளியோடு அம்மா நின்றால் அவரால் உண்மை பேச முடியாது.